பல்லக்கு திரும்பாத தெரு

“நான் பல்லக்கில் ஏறமாட்டேன்” என்றாள் உமையாள்.

இளையம்மை தலை நிமிரவில்லை. வலது காலை இடது தொடைமேல் போட்டுக்கொண்டு தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முள். உள்ளே ஒடிந்துவிட்டது.”

“நான் சொன்னது கேட்டதா?”

“கேட்டது. ஏறமாட்டேன் என்றாய்.”

“காட்டுங்கள்” என்று உமையாள் தரையில் உட்கார்ந்தாள். குருவின் காலை மடியில் வாங்கிக்கொண்டாள். எவ்வளவு கோபத்திலும் அவள் விரல்கள் மட்டும் பதமாகத்தான் வேலை செய்யும்.

குரு, சிஷ்யையைவிடப் பத்து வயது இளையவள். அதனால்தான் ஊர் அவளை இளையம்மை என்றது. தனியாக இருக்கும்போது அவள் உமையாளை ‘அக்கா’ என்று கூப்பிடுவாள். உமையாள் அவளை ‘நீங்கள்’ என்றுதான் பேசுவாள். இதை மாற்றிக்கொள்ள இருவருக்குமே தோன்றியதில்லை.

கரைமேல் மடத்தின் வழக்கம் இது.

ஒருவருக்கு ஞானம் நெருங்கிவிட்டது என்று குருவுக்குப் பட்டால், ‘பல்லக்கு’ என்று ஒரே ஒரு சொல் சொல்வார். இரண்டாம் நாள் காலையில் அந்தச் சிஷ்யர் பல்லக்கில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். எட்டுப் பேர் தூக்குவார்கள். ஊரைச் சுற்றி வாசலுக்குத் திரும்பியதும் குரு திரையை விலக்கிக் கேட்பார்: “என்ன கண்டாய்?”

பதில் பிடித்தால் குரு ‘ஆயிற்று’ என்பார். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் ஞானி.

மூன்றாம் பட்டத்துக் குரு அன்று சொன்ன பதிலை வாசல் நிலைக்கு மேலே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

‘ஒன்றும் காணேன்.’

இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு மடம் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டது. இறைவனின் ஒளியில் மற்றதெல்லாம் மறைந்துவிட்டது, அதைத்தான் சொன்னார் என்றார்கள் பக்திமான்கள். பார்ப்பவனே கரைந்த பிறகு பார்க்க என்ன இருக்கிறது என்றார்கள் தர்க்கம் படித்தவர்கள். உமையாள் வந்த புதிதில் இரு கட்சியையும் ஒரே அமர்வில் மடக்கினாள். ஒன்றும் காணவில்லை என்று சொல்வதற்கு ஒருவர் மிச்சம் இருந்தாரே, அவர் யார் என்று கேட்டாள். அன்று இரண்டு கட்சியும் சாப்பிடாமல் எழுந்து போனது.

தெருவில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். “ஞானமா? அது மடத்துக்காரங்களுக்கு வர்றது. நாலு தெரு சுத்திட்டு வந்தா சரியாப்போயிரும்.”

தூக்கியவர்கள் பெயர் கல்லில் இல்லை. இடம் போதவில்லை போலும். கல் நல்ல அகலமான கல்.

முள் வந்துவிட்டது. உமையாள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வெள்ளையாக, நீளமாக இருந்தது.

“இது உடைமுள். மடத்தைச் சுற்றி எங்கேயும் உடைமரம் இல்லையே. எங்கே குத்தியது?”

“வெளியே.”

மடத்துக்குள் எல்லோரும் பாதக்குறடு போட்டு நடப்பார்கள். இளையம்மை ஒருத்திதான் வெறுங்காலோடு திரிவாள். பின்பக்கமாக எங்கேயோ போய்விட்டு வருவாள். அதை யாரும் கேட்டதில்லை. குருவைக் கேட்பதற்கு இதைவிடப் பெரிய கேள்விகள் எல்லோரிடமும் இருந்தன.

“எல்லா உயிரும் ஒன்று என்று படிக்கிறோம்” என்றாள் உமையாள். “அந்த எல்லாவற்றில் எட்டு உயிர் கீழே வேர்த்து நடக்க வேண்டும். ஓர் உயிர் மேலே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இதற்குப் பெயர் ஞானமா?”

“சரி” என்றாள் இளையம்மை. “ஏறாதே.”

உமையாளிடம் இன்னும் மூன்று வாதங்கள் கைவசம் இருந்தன. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து போனாள்.

*

மத்தியானத்துக்குள் செய்தி தூக்கிகளின் தெருவுக்குப் போய்விட்டது.

சடையாண்டி வந்து வாசற்படிக் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றான். தூக்கிகளுக்கு அவன்தான் முன்னத்தி ஆள், முன்தண்டு அவன் தோளில்தான் ஏறும். பல்லக்கைச் சுமந்து வருகிறவர்கள் அந்தக் கல்லைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பவர்கள் வந்து தண்டைத் தோள் மாற்றி வாங்கிக்கொள்வார்கள். அதுவும் வழக்கம்தான்.

உமையாள் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றாள். அவன் நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்தாள்.

அவன் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

எங்கள் தோளில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டான். குறை ஒன்றுமில்லை, குறை பல்லக்கில்தான் என்று அவள் விளக்கினாள். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு அவளுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னான்.

ஆற்றுப் பாசனத்தில் ஒரு துண்டு நிலம் பல்லக்கு மானியம் என்று அவர்கள் தெருவுக்கு விடப்பட்டிருந்தது. தெரு சாப்பிடுவது அதில்தான். ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்குள் ஒரு தடவையாவது பல்லக்குப் புறப்பட வேண்டும், ஒரு ஞானி வாசலுக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் நிலம் மடத்துக்கே போய்விடும். இந்த அறுப்போடு கெடு முடிகிறது.

உமையாள் மடத்துச் சுவடிகளில் பாதியை மனப்பாடமாகச் சொல்வாள். இது அந்தப் பாதியில் இல்லை.

“ஒரு மனுஷியைத் தூக்கிக்கொண்டு நடப்பது உங்களுக்குக் கேவலமாக இல்லையா?” என்றாள்.

சடையாண்டி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். தோளில் தண்டு பதிந்த இடம் தோல் தடித்துக் கறுத்திருந்தது.

“எங்கப்பன் தூக்குனான். அவங்கப்பனும் தூக்குனான். ஒரு தடவ ஒருத்தரையும் கீழ போட்டதில்ல, அதத்தான் பெருமையா சொல்லிட்டுத் திரியுறோம். இப்ப நீங்க வந்து கேவலம்ங்கிறீங்க. அவங்கள்லாம் என்ன ஆனாங்க தாயி?”

உமையாள் அந்தத் தடித்த தோலையே பார்த்தாள்.

“நீங்க ஏறலன்னா ஊரு உங்கள மெச்சும். எங்களுக்குக் கஞ்சி போயிரும்.” திரும்பி நடந்தவன் நின்று சொன்னான்: “நீங்க ஒண்ணும் கனமா இருக்க மாட்டீங்க. அந்தக் கவல வேணாம்.”

*

அம்பலவாணர் மடத்தின் காறுபாறு. நிலபுலன்களையும் வழக்கங்களையும் பார்த்துக்கொள்பவர். கெட்டவர் இல்லை. வழக்கம் எது என்று தெரிந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்குபவர், அவ்வளவுதான்.

தூக்காமலே நிலத்தை அவர்களுக்கு விட்டுவிடலாமே என்று உமையாள் கேட்டாள். தூக்காதவர்களுக்குப் பல்லக்கு மானியம் எப்படித் தருவது என்று அவர் நியாயமாகக் கேட்டார். வெறும் பல்லக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் என்ன என்றாள். வெறும் பல்லக்குச் செல்லாது, ஆள் இருக்க வேண்டும் என்றார்.

“அவர்கள் ஏன் வாசல் தாண்டக் கூடாது?”

“அதில் ஒரு குழப்பமும் இல்லையம்மா. பல்லக்கில் வருபவர் யாரானாலும் உள்ளே. நடந்து கூட வருபவர், கோல் பிடிக்கும் என்னைத் தவிர, யாரானாலும் வெளியே. நான் ஏற்படுத்தினதா? நான் வரும்போதே இருந்தது.”

“யாரானாலுமா?”

“யாரானாலும்” என்றார் அம்பலவாணர். ஒழுங்கான ஒரு வாக்கியத்தைச் சொன்ன திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

*

இளையம்மை படித்துறையில் தன் சேலையைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏறினாலும் தப்பு. ஏறாவிட்டாலும் தப்பு” என்றாள் உமையாள்.

“ம்.”

“எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாதவளையா நீங்கள் ஞானி என்றீர்கள்?”

“நான் எங்கே சொன்னேன்? பல்லக்கு என்றேன். ‘ஆயிற்று’ என்று இன்னும் சொல்லவில்லையே.”

உமையாளுக்கு முகம் சிவந்தது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் இங்கே வந்தாள். கல்யாணம் பேசிய வீட்டை விட்டுவிட்டு, அண்ணன்களின் பேச்சை விட்டுவிட்டு, இந்த ஊரே பெண்ணுக்கு எதற்கு ஞானம் என்று சிரித்ததையும் சகித்துக்கொண்டு வந்தாள். மடத்தில் இதுவரை பல்லக்கு என்ற சொல்லைக் கேட்ட சிஷ்யை அவள் ஒருத்திதான். இளையம்மைகூடப் பல்லக்கில் போனவள் இல்லை. முந்தைய குரு சாகும் தறுவாயில் அவள் கையைப் பிடித்ததோடு சரி, பட்டம் வந்துவிட்டது. அம்பலவாணருக்கு அந்த விஷயத்தில் இன்றும் தூக்கம் சரியில்லை.

“உண்மையைச் சொல்லுங்கள். ஞானத்துக்காகப் பல்லக்குச் சொன்னீர்களா, நிலத்தின் கெடு முடிகிறது என்று சொன்னீர்களா?”

இளையம்மை சேலையை முறுக்கிப் பிழிந்தாள்.

“நீ சொல். ஏறமாட்டேன் என்கிறாயே, அது அவர்கள் தோளுக்காகவா, உன் மேல் ஒரு கறையும் படக் கூடாது என்பதற்காகவா?”

இதற்கு உமையாளிடம் வாதமே இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

“இந்த முனையைப் பிடி அக்கா” என்றாள் இளையம்மை. “உதறிக் காயப்போட வேண்டும்.”

*

மறுநாள் காலையில் உமையாள் பல்லக்கில் ஏறினாள்.

பாதக்குறட்டை வாசலுக்குள்ளேயே கழற்றி வைத்தாள். மேலே உட்காருபவருக்குக் காலில் என்ன வேலை?

சடையாண்டி ஒரு குரல் கொடுத்தான். எட்டுத் தோளும் ஒன்றாக எழுந்தன. நாகஸ்வரம் முன்னே போனது. அம்பலவாணர் வெள்ளிப் பூண் போட்ட கோலோடு அதற்கும் முன்னே போனார்.

உமையாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் திறந்துவிட்டாள். ஆத்திரத்தோடு கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது போலும். திரையை ஒரு விரல் அகலம் விலக்கினாள்.

கீழ வீதி. மக்கள் கும்பிட்டார்கள். யாரைக் கும்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை, அவர்களுக்கு அவளைத் தெரிய வழியில்லையே. தெற்கு வீதி. அங்கேயும் கும்பிட்டார்கள். தெற்கு வீதியின் முடிவில் சிறிதாக ஒரு சந்து பிரிந்தது. பல்லக்கு அங்கே வந்ததும், யாரும் சொல்லாமலே வலது பக்கம் திரும்பியது.

“ஏன் திரும்புகிறோம்?” என்றாள் உமையாள்.

முன்தண்டு ஒரு கணம் ஆடியது. பல்லக்குக்குள்ளிருந்து குரல் வந்து சடையாண்டி கேட்டதில்லை.

“அது எங்க தெரு தாயி” என்றான் திரும்பிப் பார்க்காமல்.

“அதனால்?”

“பல்லக்கு அங்க போவாது.”

“போகட்டும்.”

எட்டுப் பேரும் நின்றுவிட்டார்கள். நாகஸ்வரம் கொஞ்ச தூரம் தனியாகப் போய்விட்டு, பின்னால் ஆள் இல்லை என்று தெரிந்து நின்றது. அம்பலவாணர் கோலை ஊன்றிக்கொண்டு திரும்பி வந்தார். என்ன விஷயம் என்று தூக்கிகளைக் கேட்டார். பதில் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது.

“உள்ளே இருப்பவர் சொல்லைத் தட்டலாமா?”

அம்பலவாணர் திரையைப் பார்த்தார். “தட்டக் கூடாது.”

“நான் உள்ளே இருக்கிறேனா?”

“இருக்கிறீர்கள். ஆனால் உள்ளே இருப்பவர்கள் பேசியதில்லையம்மா.”

“பேசக் கூடாது என்று வழக்கம் இருக்கிறதா?”

அவர் நேர்மையாக யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் வாடியது.

“இல்லை” என்றார்.

“அப்படியானால் இடது பக்கம்” என்றாள் உமையாள்.

*

சந்து குறுகலாக இருந்தது. இரண்டு பக்கமும் உடைமுள் வேலி. தண்டு ஒரு கூரையில் இடித்து வைக்கோல் உதிர்ந்தது. ஒரு கோழி கத்திக்கொண்டு குறுக்கே ஓடியது. பெண்கள் கும்பிடுவதா உள்ளே போவதா என்று தெரியாமல் வாசற்படியில் நின்றார்கள். தங்கள் புருஷன்மார் வேலை செய்வதை அவர்கள் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. ஒருத்தி சிரித்தாள். அது மற்றவர்களுக்கும் பரவியது.

சடையாண்டியின் மனைவி மூக்காயி முறத்தோடு வெளியே வந்தாள்.

“உள்ள யாரு, இளையம்மையா?” என்றாள். “அது நடந்துல்ல வரும். இன்னைக்கு என்ன தூக்கிட்டு வர்றீங்க?”

உமையாள் திரையை முழுவதும் விலக்கினாள்.

“இளையம்மை இங்கே வருவார்களா?”

“வரும். வந்து உக்காரும். புள்ளைக்குக் காய்ச்சல்னா பாத்துட்டுப் போகும். எங்களோட சண்டை போடும். செருப்பு போட்டுட்டு வா, முள்ளுக் கெடக்குன்னா கேக்காது.” மூக்காயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்கதான் ஏறமாட்டேன்னு சொன்ன அம்மாவா?”

உமையாள் பதில் சொல்வதற்குள் பல்லக்கு நின்றது. சந்து அங்கே முடிந்தது. திரும்ப வேண்டும். தண்டு நீளம், சந்து குறுகல். முன்னால் இழுத்துப் பார்த்தார்கள். பின்னால் தள்ளிப் பார்த்தார்கள். இந்தத் தெருவில் பல்லக்குத் திரும்பும் என்று யாரும் எந்தக் காலத்திலும் நினைத்துக் கட்டவில்லை.

“ஆளோட திருப்ப முடியாது மாமா” என்றான் பின்தண்டில் இருந்த குமரன், சடையாண்டியின் மச்சான். “செங்குத்தா நிமித்தித்தான் திருப்பணும்.”

உமையாள் இறங்கினாள். வெறுங்கால் மண்ணில் பட்டது. அவர்கள் பல்லக்கை நிமிர்த்தி, வேலியில் உரசி, ஒரு வழியாகத் திருப்பிக் கீழே வைத்தார்கள். எல்லோருக்கும் கையில் கீறல்.

“ஆச்சு. ஏறுங்க தாயி” என்றான் சடையாண்டி.

அவள் ஏறவில்லை.

“நீங்கள் ஏறுங்கள்” என்றாள்.

அவன் புரியாமல் பார்த்தான்.

“வந்த பாதி நான் வந்தேன். போகிற பாதி நீங்கள் போங்கள். வெறும் பல்லக்குத்தானே செல்லாது?”

அம்பலவாணர், இது என்ன பல்லக்கு விளையாட்டா என்று மட்டும் சொன்னார்.

சடையாண்டிக்குக் கோபம் வந்தது. என்னை வைத்து வேடிக்கை காட்டுகிறீர்களா என்றான். வாசலில் என்னை விரட்டினால் நிலமும் போய் மானமும் போகும், அப்புறம் நீங்கள் வந்து எங்களுக்குச் சோறு போடுவீர்களா என்றான். எல்லாம் சரியான கேள்விகள். உமையாள் ஒவ்வொன்றையும் கேட்டாள்.

“வாசலில் உங்களை ஏற்கவில்லையென்றால் நான் ஏறுகிறேன். இன்னொரு சுற்று. கண்ணை மூடிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு. நிலம் போகாது. காறுபாறு இருக்கிறார், அவர் முன்னாலேயே சொல்கிறேன்.”

“ஏத்துக்கிட்டாங்கன்னா? உங்களுக்கு அந்தச் சொல்லு கிடைக்காதே.”

“தெரியும்.”

அவன் அவளை நெடுநேரம் பார்த்தான். நம்பலாமா என்று பார்த்தான்.

“ஏறித் தொலையேன்” என்றாள் மூக்காயி. “இத்தன வருஷமா தோள் கொடுக்குற. உள்ளாற மெத்தையா பலகையான்னு கூட ஒனக்குத் தெரியாது.”

“ஏறு மாமா” என்றான் குமரன். “ஒன் கனத்தையும் ஒரு நாள் பாத்துருவோம்.”

சடையாண்டி துண்டை இடுப்பில் கட்டினான். பல்லக்கைத் தொட்டுக் கும்பிட்டான். பிறகு, தண்ணீரில் இறங்குகிறவன் போல ஒவ்வொரு காலாக வைத்து உள்ளே போனான். திரையை அவனே இழுத்து மூடிக்கொண்டான்.

முன்தண்டில் ஒரு தோள் குறைந்தது. உமையாள் போய் அந்த இடத்தில் தோள் கொடுத்தாள். அது நல்ல காட்சியாக இருக்கும் என்று ஒரு நொடி அவளுக்கே தோன்றியிருக்கலாம். தண்டு எழுந்ததும் பல்லக்கு ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே சடையாண்டி அலறினான்.

“ஒதுங்குங்க தாயி” என்றான் குமரன். “ஆள விழுத்தாட்டிருவீங்க.”

பக்கத்து வீட்டிலிருந்து ஒருவன் வந்து தோள் கொடுத்தான். உமையாள் பின்னால் போனாள். எட்டுப் பேர் கிளப்பும் புழுதி எவ்வளவு என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

*

மடத்து வாசலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பக்திமான்கள் ஒரு பக்கம், தர்க்கக்காரர்கள் ஒரு பக்கம். நடுவில் இளையம்மை.

பல்லக்கு வந்தது. பின்னால், தலையெல்லாம் மண்ணாக, ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு, பல்லக்கில் இருக்க வேண்டியவள் வந்தாள்.

அம்பலவாணர் வேகமாக முன்னே வந்து நடந்ததையெல்லாம் சொன்னார். உள்ளே இருப்பது தூக்கி சடையாண்டி என்றார். வாசல் திறக்க வழக்கத்தில் இடமில்லை என்றார்.

“பல்லக்கில் வருபவர் யாரானாலும் உள்ளே” என்றாள் உமையாள் கல்லுக்கு வெளியே நின்று. “நேற்று நீங்கள் சொன்னது.”

“ஞானியைப் பற்றிச் சொன்னேன்.”

“ஞானியா என்று எப்படித் தெரியும்?”

“குரு கேட்பார். பதிலைப் பார்த்து...” அம்பலவாணர் நிறுத்தினார்.

“அப்படியானால் கேட்கட்டும்.”

இளையம்மை பல்லக்கின் அருகில் போனாள். திரையை விலக்கினாள்.

சடையாண்டி முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தான். மெத்தையில் அவன் உட்கார்ந்திருந்த இடம் ஒரு கை அகலம்கூட இல்லை. இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தான். நெற்றியில் வேர்வை.

“என்ன கண்டாய்?” என்று இளையம்மை வழக்கப்படி கேட்டாள்.

“ஒண்ணும் காணல” என்றான் சடையாண்டி.

வாசலில் ஒவ்வொரு தலையாக மேலே நிமிர்ந்தது. நிலைக்கு மேலே கல் இருந்தது. கல்லில் அந்த இரண்டு சொல் இருந்தது. தர்க்கக்காரர்களில் ஒருவர் ஏதோ விளக்கம் சொல்ல மூச்சை இழுத்தார்.

“ஏறினதுலேருந்து கண்ணத் தொறக்கவே இல்ல தாயி” என்றான் சடையாண்டி. “கீழ எம் மச்சான் தூக்குறான். பக்கத்து வீட்டுக்காரன் தூக்குறான். அவங்க தோளுமேல உக்காந்துக்கிட்டு எப்படிக் கண்ணத் தொறக்குறது?”

இழுத்த மூச்சை அவர் சத்தமில்லாமல் விட்டார்.

அம்பலவாணர் இன்னும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கல்லின் கீழ் அவர் தினமும் போய் வருபவர்.

“ஆயிற்று” என்றாள் இளையம்மை.

சடையாண்டி கண்ணைத் திறந்தான்.

உள்ளே இருந்தவர்கள் அசையவில்லை. அம்பலவாணர்தான் முதலில் கோலைச் சுவரில் சாய்த்தார். மேல்துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்தண்டுக்கு வந்தார். வழக்கம் வழக்கம்தானே. பிறகு தர்க்கக்காரர்கள் வந்தார்கள், பக்திமான்கள் வந்தார்கள். எந்தப் பக்கம் தோள் கொடுப்பது என்று தெரியாமல் இடித்துக்கொண்டார்கள்.

“எடது கால மொதல்ல வைங்க சாமி” என்று வெளியிலிருந்து குமரன் சொன்னான்.

பல்லக்கு ஆடி ஆடி உள்ளே போனது.

வெளியே தூக்கிகளும் உமையாளும் நின்றார்கள். நடந்து வந்தவர்கள். அவள் பாதக்குறடு கல்லுக்கு அந்தப் பக்கம், காலையில் கழற்றிய இடத்திலேயே இருந்தது.

இளையம்மை கல்லைத் தாண்டி வெளியே வந்தாள்.

“நீ என்ன கண்டாய் அக்கா?”

உமையாள் யோசித்தாள். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை.

“தெரு குறுகல்” என்றாள். “பல்லக்கு திரும்ப இடமில்லை.”

“அப்புறம்?”

“காலில் முள்.”

இளையம்மை புழுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியைத் தட்டினாள்.

“காட்டு.”